வியாதியும் வைத்தியமும் வியாபாரமும்

 

 

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்றுக் கூச்சமானது. ஆண்களுக்கு உண்டாகும் புரோஸ்டேட் புற்றுநோயைப் பற்றியும், அதற்கு மருந்து என்று சொல்லி நாம் தின்பவை, குடிப்பவை, விழுங்குபவை பற்றியும் எழுதப் போகிறோம். மார்க்கப் பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மார்க்க விஷயங்களை வெட்கம் பாராமல் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்சாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். பெண்கள் அப்படிக் கேட்டிருக்க, தாடி நரைத்த ஆண்களாகிய நாம் மூத்திரம் சரியாகப் போகவில்லை என்பதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. தேகம் நமக்குத் தரப்பட்ட அமானத். கடன் கணக்கை மறைப்பவன் கடனாளி ஆவதுபோல வியாதியை மறைப்பவனும் ஒரு நாள் மாட்டிக்கொள்கிறான்.

புரோஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி, ஓர் அக்ரூட் கொட்டை அளவில் இருக்கும் சுரப்பி. வயது ஏற ஏற அது பெருக்கும். அப்படிப் பெருப்பதெல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களில் சிலருக்கு அதில் புற்றுநோயும் உண்டாகிறது. வாப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த வலியும் இராது. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் தட்டி, பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தே நிச்சயம் செய்கிறார்கள். மலேசியாவில் பலருக்கும் இது முற்றிய பிறகே தெரிய வருகிறது. அதற்குக் காரணம் நோயின் குணம் மட்டுமல்ல, நம் குணமும்தான்.

நம்மவர் முதலில் டாக்டரிடம் போவதில்லை, கடைக்குத்தான் வருகிறார். கூட்டம் குறையும் வரை மிளகாய் மூட்டைப் பக்கம் நின்று, பிறகு மெதுவாக, "நானா, இதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி வரும் இடத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம். ஆகவே இவ்விஷயத்தில் நோயாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு வியாபாரிக்கும் உண்டு. வைத்தியம் கற்றவனென்று அறியப்படாதவன் வைத்தியம் பார்த்தால், அதனால் விளையும் கெடுதிக்கு அவனே ஈடு சொல்லவேண்டும் என்ற கருத்துப்பட ஹதீஸ் வந்திருக்கிறது. இதை மதரஸாவில் ஓதிய நாளில் நாம் வைத்தியர்களுக்குச் சொன்னது என்றே எண்ணியிருந்தோம். கடைக்காரர்களுக்கும் சொன்னதுதான்.

மருந்து தேடுவது தவக்குலுக்கு விரோதம் என்று நினைப்பவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் நடப்பைப் பார்க்க வேண்டும். நாட்டுப்புறத்து அரபிகள் வந்து மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளும்படியே சொன்னார்கள். ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நெஞ்சில் கை வைத்துப் பார்த்ததோடு, தகீஃப் கூட்டத்தாரில் வைத்தியம் அறிந்த ஹாரித் இப்னு கலதாவிடம் போகவும் சொன்னார்கள். துஆ செய்யத் தெரியாதவர்களா அவர்கள்? துஆவும் செய்து, தொழில் தெரிந்தவரிடமும் அனுப்பினார்கள். நாமோ கடை அடைக்கும்போது பெரிய பூட்டு இரண்டு போட்டுப் பூட்டி இழுத்தும் பார்க்கிறோம்; உடம்பு விஷயத்தில் மட்டும் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்கிறோம்.

இனி, எல்லோரும் கேட்கும் கருஞ்சீரகத்துக்கு வருவோம். அதில் மௌத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. அதனால் வேறு சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதுதான் தவறு. எல்லாம் என்ற பொதுச்சொல் இங்கே ஒரு வகை நோய்களையே குறிக்கும் என்று இமாம் கத்தாபி போன்ற பழைய விரிவுரையாளர்களே விளக்கியிருக்கிறார்கள். அதோடு, கருஞ்சீரகத்தைச் சொன்ன அதே வாய்தான் ஹாரிதிடம் போகச் சொன்னது என்பதையும் கவனிக்க வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர் கருஞ்சீரகம் தின்று குணமானதாக மனிதர்களிடம் செய்த முறையான பரிசோதனை எதுவும் காட்டவில்லை. கறியில் போடுகிறீர்கள், தேனில் குழைத்து ஒரு சிட்டிகை சாப்பிடுகிறீர்கள், பரக்கத்தாகச் சாப்பிடுங்கள். ஆனால் எண்ணெய் எடுத்துக் குளிகையாக்கி, ஸுன்னத்தின் பெயரால் பெரிய விலைக்கு விற்று, ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்து என்று சொல்வது ஸுன்னத் அல்ல. சர்க்கரை வியாதிக்காரர் தேனை அளந்து சாப்பிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஷிபா என்று சொல்லிக் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறவர்கள் நம்மில் உண்டு.

கடை அலமாரியில் கண்ணாடிப் புட்டிகளில் இருக்கும் சத்து மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கெடுதல் செய்யாது, சத்துத்தானே என்று நாமெல்லோரும் சொல்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001ஆம் ஆண்டு தொடங்கி 35,000க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். செலினியம் என்ற உப்பும் வைட்டமின் ஈயும் புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்ப்பதே நோக்கம். பலன் இல்லையென்று 2008ல் மாத்திரை கொடுப்பதை நிறுத்தினார்கள். 2011ல் கணக்கெடுத்தபோது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்நோய் 17 சதவீதம் அதிகமாகவே வந்திருந்தது. அவர்கள் சாப்பிட்டது தினம் 400 யூனிட். அந்த அளவுள்ள புட்டி இன்றைக்கும் சாதாரணமாக விற்கிறது. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்குமேல் வைத்து நடத்திய மற்றொரு பரிசோதனையில், காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது என்று 1994ல் தெரிந்தது. காரட் தின்னுகிறவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரட்டிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து மொத்தமாக விழுங்கினால் கதை வேறாகிறது.

வியாபாரிகளாகிய நாம் மறக்கக்கூடாத விஷயம் இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் 'பி.சி. ஸ்பெஸ்' என்ற பெயரில் எட்டு மூலிகைகள் சேர்ந்த குளிகை ஒன்று விற்றது. ஸ்பெஸ் என்றால் லத்தீன் பாஷையில் நம்பிக்கை என்று பொருளாம். புரோஸ்டேட் நோயாளிகளுக்கு அது வேலையும் செய்தது, பி.எஸ்.ஏ. இறங்கியது. மூலிகை ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். 2002ல் சோதித்துப் பார்த்தால், அதில் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் செயற்கை மருந்தும், இரத்தம் உறையாமல் செய்யும் வார்ஃபரினும், வலி மருந்து ஒன்றும் கலந்திருந்தன. அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூலிகை என்று நம்பி விழுங்கியவருக்குத் தாம் வார்ஃபரின் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. இரத்தக் கசிவு வந்தால் டாக்டரிடம் என்ன சொல்வார்?

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருந்ததும், அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டதும் நமக்கெல்லாம் பாலர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்த சம்பவம். அரிசி மூட்டையில் நாம் அதை நினைவில் வைக்கிறோம். குளிகைப் புட்டிக்குள் கை விட்டுப் பார்க்க முடியாது என்பதால் அதை மறந்துவிடுகிறோம். பார்க்க வழி உண்டு. மலேசியாவில் பதிவான மருந்துக்கும் சத்துப் பொருளுக்கும் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும், மின்னும் முத்திரைத் தாளும் ஒட்டியிருக்கும். அந்த எண் சுகாதார அமைச்சின் பதிவில் அதே பெயருக்குத்தான் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிஷ வேலை. சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆகையால் கடையில் இருக்கிறது என்பதே சர்க்கார் பரீட்சை செய்ததற்கு அத்தாட்சி ஆகாது. கலப்படம் கண்டுபிடித்தால் சுகாதார அறிவியல் ஆணையம் அறிவிப்பு வெளியிடுகிறது, அதைப் படிக்க வேண்டியது நம் கடமை. மேலும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர விற்பனைச் சட்டம் தடுக்கிறது. பதிவு எண் இருந்தாலும் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது. கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி நோட்டீசை நீட்டி, நல்ல கமிஷன் உண்டு முதலாளி என்று சொல்லும்போது இச்சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள். நாம் சொல்லிப் பார்த்தோம். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

குளிகையின் மேலுறை எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். மீன் எண்ணெய் நிரப்பிய மெத்தென்ற குளிகைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. ஹலால் முத்திரை இல்லாததை நம் அலமாரியில் வைப்பதற்கே இடமில்லை.

இந்த மண்ணுக்கே உரிய இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று தோங்காட் அலி. ஆண்மைச் சுரப்பைக் கூட்டும் என்று சொல்லியே அதை விற்கிறார்கள். முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு டாக்டர்கள் போடும் ஊசியோ அந்தச் சுரப்பைக் குறைப்பதற்காகப் போடப்படுவது, ஏனெனில் இந்நோய்க்கு அதுவே தீனி. ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டு மறுபக்கம் எண்ணெய் ஊற்றலாமா? அதோடு, ஆண்மைக்கு என்று விற்கும் காப்பித்தூள் பொட்டலங்கள் பலவற்றில் சில்டெனாஃபில் வகை மருந்துகள் களவாகக் கலந்திருப்பதை இரு நாட்டு அதிகாரிகளும் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரென விழுந்து மௌத்தே ஆகலாம்.

மற்றொன்று டுரியான் பெலண்டா, நம் ஊரில் முள்ளுச்சீத்தா என்போம். அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் ஓடிப்போகும் என்று பேசிக்கொள்கிறார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் வைத்துச் செய்த சோதனைகளில் அதன் சத்து புற்றணுக்களைக் கொன்றது உண்மை. குழாய்க்குள் சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும். மனிதர்களுக்குக் குணம் தந்ததாக நிரூபணம் இல்லை. மாறாக, கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் நடுக்குவாத நோயைப் போன்ற ஒரு நோயைக் கண்ட டாக்டர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாமென்று 1999ல் எழுதினார்கள்.

பினாங்கில் நமக்கு நெருக்கமான ஒரு பெரியவர், நாற்பது ஆண்டு வியாபாரம் பண்ணியவர். பி.எஸ்.ஏ. கூடியிருக்கிறது, ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இலைத் தூள் விற்கும் ஒருவர், கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயம் காட்டினார். பெரியவர் பதினான்கு மாதம் கஷாயம் குடித்தார். பிறகு முதுகு வலி என்று படுத்தவரைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போனபோது நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஹயாத்தோடு இருக்கிறார், ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், உட்கார்ந்து தொழுகிறார். ஊர் பேர் சொல்லாமல் எழுதுங்கள் தம்பி என்று அவரே நம்மிடம் சொன்னார். சதை எடுப்பதால் நோய் பரவிவிடும் என்பது வீண் பயம். அப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோய்க்கு உடனே கத்தி வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டனில் அப்படிப்பட்ட 1,643 பேரை, அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 15 ஆண்டுக்குப் பிறகு எந்தப் பிரிவிலும் 100க்கு ஏறக்குறைய 3 பேரே இந்நோயால் இறந்திருந்தார்கள் என்று 2023ல் தெரிவித்தார்கள். காத்திருப்பதும் ஒரு வைத்தியமே. ஆனால் டாக்டர் கண்ணுக்கு முன்னால் காத்திருக்க வேண்டும், இலைக் கஷாயத்தோடு இருட்டில் அல்ல.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? நோயை அழிக்கும் ஆகாரம் என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் ஆரம்ப நிலை நோயோடு கண்காணிப்பில் இருந்த 478 பேரில் ஒரு பாதியை, தினம் ஏழு பங்கோ அதற்கு மேலோ காய்கறி சாப்பிடப் பழக்கினார்கள். இரண்டு ஆண்டு பார்த்ததில் நோய் முன்னேறுவதில் வித்தியாசம் இல்லை என்று 2020ல் எழுதினார்கள். தக்காளி, மாதுளை, பச்சைத் தேயிலை, சோயா எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் பேர் இருந்தது. உறுதியாக ஒன்றும் நிற்கவில்லை. தெம்பேயும் தௌஃபூவும் நல்ல ஆகாரம்தான், அந்த அளவில் சாப்பிடலாம்.

இதைக் கேட்டு, அப்படியென்றால் நாசி கண்டாருக்குக் குறைவில்லை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். சுரப்பிக்குள் அடங்கிய புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் அந்நோயால் இறப்பவர்களைவிட இருதய நோய் முதலிய வேறு காரணங்களால் இறப்பவர்களே அதிகம். ஹார்மோன் ஊசி போடுகிறவர்களுக்கு எலும்பு மெலிகிறது, சதை கரைகிறது, தொந்தி வைக்கிறது, சர்க்கரையும் ஏறுகிறது. ஆகவே இருதயத்துக்கு நல்லது எதுவோ அதுவே இவர்களுக்கும் ஆகாரம். பருப்பு, கீரை, காய், மீன், தவிடு நீக்காத தானியம் கூட வேண்டும். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் பெருநாளுக்கும் விருந்துக்கும் போதும். கட்டிப்பால் ஊற்றிய தேத்தாரே நாளைக்கு நான்கு கிளாஸ் என்பது நம் தொழில் வியாதி. கடை அடைத்து இரவு பத்தரைக்கு வயிறு முட்ட உண்டு உடனே படுப்பதும் அப்படியே. வயிற்றில் மூன்றில் ஒரு பாகம் ஆகாரம், ஒரு பாகம் தண்ணீர், ஒரு பாகம் மூச்சு என்ற அளவை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதைப் பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் கந்தூரிச் சோற்றில் காற்றில் விடுகிறோம்.

நடப்பதும், சிறிது பளு தூக்குவதும் ஊசி போடுகிறவர்களின் அசதியைக் குறைத்து சதையைக் காக்கிறது. இது பரிசோதனைகளில் நன்றாக நின்ற விஷயம், காசும் கேட்பதில்லை. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். இவற்றையும் அளவுக்கு மீறித் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். நோய் எலும்புக்குப் போனவர்கள் எந்தப் பளுவைத் தூக்கலாம் என்று கேட்டுக்கொண்டே தூக்க வேண்டும்.

ஓதி ஊதுவதும், ஜம்ஜம் குடிப்பதும், திக்ரும் மனதுக்குப் பெரிய பலம், தாராளமாகச் செய்க. ஹிஜாமா செய்ய விரும்புகிறவர் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இரத்தம் குறைந்தவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். எந்தப் புட்டி, எந்தப் பொடி சாப்பிட்டாலும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜை மீது வையுங்கள். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும், சில அறுவையின்போது இரத்தத்தை நிற்க விடாது.

இன்னும் ஒன்று. சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மூத்திரம் சொட்டும். அந்த வெட்கத்தால் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் நம் ஜமாஅத்திலேயே உண்டு. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள், அது இன்னும் கெடுதி. மார்க்கம் இவர்களைக் கைவிடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்த பிறகு சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டி, உடனே உளூச் செய்து அந்தப் பர்ளைத் தொழ வேண்டும். அதற்குப் பிறகு சொட்டுவது தொழுகையைக் கெடுக்காது. ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக அப்படிச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு வக்துக்கு ஓர் உளூப் போதும். விவரத்தைப் பள்ளி இமாமிடம் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்கு இது புதிய மஸ்அலா அல்ல.

ரமலானில் நோன்பு பிடிக்க முடியாதவருக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. பிடிக்க விரும்புகிறவர் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அபிராடெரோன் என்ற மாத்திரையை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும். அதோடு தரும் பிரட்னிசோலோனையோ ஆகாரத்தோடு சாப்பிட வேண்டும், அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆகவே இவ்விரண்டையும் நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு சேர்த்து விழுங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இஃப்தாரிலிருந்து சஹர் வரை எதை எப்போது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதித் தருவார். அதை வீட்டில் சமைக்கிறவரிடம் கொடுத்து வையுங்கள்.